நாற்பதுக்குப் பின் ஒரு தொடக்கம்: பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாற்பதைத் தாண்டி அறுபதை எட்டாத பெண்கள் பலரும் சுற்றிச் சுற்றிக் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றில் நிறையப் பேச வேண்டியிருக்கிறது. சிலவற்றை இரண்டு வரியில் முடித்துவிடலாம்.

வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். குறையென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் மனம் வெறுமையாக இருக்கிறது. எனக்கு என்ன ஆயிற்று?

ஒன்றும் ஆகவில்லை. இருபது, இருபத்தைந்து ஆண்டுகளாக உங்கள் நாளை வகுத்தவர்கள் மற்றவர்கள். பிள்ளைகளின் தேர்வு, அலுவலகத்தின் கெடு, பெரியவர்களின் மாத்திரை நேரம் என்று பொழுது தானாகவே நிரம்பிக்கொண்டிருந்தது. அவற்றில் ஒன்றிரண்டு விலகியதும் நடுவில் ஒரு காலியிடம் கண்ணில் படுகிறது. அது முன்பும் இருந்ததுதான். திரும்பிப் பார்க்க உங்களுக்கு நேரம் இருக்கவில்லை.

உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950இல் மனித வாழ்க்கையை எட்டுப் பருவங்களாகப் பிரித்தார். ஏறத்தாழ 40 முதல் 65 வயது வரையிலானது ஏழாவது பருவம். அடுத்து வருபவர்களுக்காக எதையாவது உருவாக்க வேண்டும் என்ற உந்துதலும், அப்படியே தேங்கிவிட்டோமோ என்ற அச்சமும் மோதிக்கொள்ளும் காலம் அது என்றார். 1965இல் நடுவயது நெருக்கடி பற்றி எழுதிய எலியட் ஜாக்ஸ் எடுத்துக்கொண்டதோ பெரும்பாலும் ஆண் கலைஞர்களின் வாழ்க்கையை. அந்தக் கட்டுரையில் உங்களைத் தேடினால் கிடைக்க மாட்டீர்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பல நாடுகளில் மனநிறைவை வயதுவாரியாக ஒப்பிட்ட பிளாஞ்ச்பிளவர், ஆஸ்வால்ட் என்ற இரு பொருளியலாளர்கள், அது நாற்பதுகளில் அடிமட்டத்தைத் தொட்டுவிட்டுப் பிறகு மெல்ல ஏறுவதாக 2008இல் எழுதினார்கள். இந்த முடிவோடு உடன்படாத ஆய்வாளர்களும் உண்டு. எப்படியானாலும், நாற்பத்தாறு வயதில் ஒரு மந்தமான மாலையில் தோன்றுவதை வைத்து மீதி வாழ்க்கைக்குத் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம்.

எனக்கு என்ன பிடிக்கும் என்பதே மறந்துவிட்டது. எங்கிருந்து தொடங்குவது?

யோசிப்பதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு எதையாவது செய்து பாருங்கள். வாழ்க்கையின் நோக்கம் எங்கோ ஒளிந்துகொண்டிருப்பதாகவும், கண்ணை மூடி உட்கார்ந்தால் அகப்பட்டுவிடும் என்றும் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. நடுவயதில் தொழில் மாறியவர்களை ஆராய்ந்த ஹெர்மினியா இபாரா கண்டதும் ஏறக்குறைய இதுதான். சிறிய அளவில் செய்து பார்த்தார்கள், புதிய மனிதர்களோடு பழகினார்கள். தெளிவு அதற்குப் பின்னால் வந்தது.

ஜூலியா மார்கரெட் கேமரனை எடுத்துக்கொள்வோம். 1815இல் கல்கத்தாவில் பிறந்து, பிற்பாடு இங்கிலாந்தில் குடியேறியவர். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர். 1863 டிசம்பரில், கணவர் இலங்கையில் தோட்டங்களைப் பார்க்கப் போயிருந்த சமயம், தனிமையில் இருக்கும் அம்மாவுக்குப் பொழுதுபோகட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு கேமராவை வாங்கிக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 48. நிலக்கரி போட்டுவைக்கும் அறையை இருட்டறை ஆக்கினார். கோழிக் கூண்டைக் காலி செய்துவிட்டு அதையே ஸ்டூடியோ ஆக்கினார். அந்தக் காலத்துப் புகைப்படக்கலை இன்றுபோல ஒரு பொத்தானில் முடிகிற வேலை இல்லை. கண்ணாடித் தகட்டில் ரசாயனத்தைப் பூசி, அது ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, காய்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். கையெல்லாம் கறை. எடுத்த படங்களில் புள்ளி, கீறல், மங்கல். முதன்முதலாக ஒரு சிறுமியின் படம் மனத்துக்குப் பிடித்தபடி வந்தபோது, அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கப் பரிசுப்பொருள் தேடி வீடெல்லாம் ஓடினாராம். அவருடைய மங்கலான படங்களைப் புகைப்படச் சங்கத்தார் பரிகசித்தார்கள். அவர் முறையை மாற்றிக்கொள்ளவில்லை. 1865இல் லண்டன் அருங்காட்சியகம் ஒன்று அவர் படங்களை விலைகொடுத்து வாங்கியது.

இதில் கவனிக்க வேண்டியது, அவர் புகைப்படக்கலைதான் தன் பிறவிப் பயன் என்று முடிவு செய்துவிட்டுத் தொடங்கவில்லை என்பது. கையில் வந்தது, விடாமல் செய்தார். முன்பிருந்த வாழ்க்கையையும் தூக்கி எறியவில்லை. அவர் வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்த கவிஞர்களும் அறிஞர்களும், வீட்டில் வேலை பார்த்த பெண்களும்தான் படங்களில் இருக்கிறார்கள்.

எங்கே தேடுவது என்று இன்னும் புலப்படவில்லையா? உங்கள் பொறாமையைக் கவனியுங்கள். யாரைப் பார்த்தால் வயிறு எரிகிறது? உறவுக்காரப் பெண் கார் வாங்கியபோது ஒன்றும் தோன்றாமல், பழைய வகுப்புத் தோழி மேடையில் பேசியதைக் கேட்டுவிட்டு இரவு முழுக்கத் தூக்கம் வராமல் போயிருந்தால், அதில் ஒரு செய்தி இருக்கிறது. மற்றவர்கள் எதற்காக உங்களைத் தேடி வருகிறார்கள் என்பதையும் பாருங்கள். கணக்குப் பார்க்கவா, சண்டை தீர்க்கவா, விண்ணப்பம் எழுதவா? உங்களுக்கு எளிதாக வருவதால் அதைத் திறமை என்றே நீங்கள் எண்ணியிருக்க மாட்டீர்கள்.

இந்த வயதில் புதிதாகப் படித்தால் மண்டையில் ஏறுமா?

ஏறும், கொஞ்சம் மெதுவாக. மூளையின் வேகம் இளவயதிலேயே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. சொல்வளமும் பொது அறிவும் அதற்குப் பின்னரும் பல ஆண்டுகள் வளர்கின்றன. ஹார்ட்ஷோர்ன், ஜெர்மைன் இருவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு திறனும் வெவ்வேறு வயதில் உச்சம் தொடுவதையும், சொல்லறிவு நடுவயதைத் தாண்டியும் ஏறிக்கொண்டிருப்பதையும் காட்டினார்கள். ஆகவே, வகுப்பில் பக்கத்து இருக்கை இளைஞர் உங்களைவிட வேகமாகக் குறிப்பெடுப்பார். எடுக்கட்டும். பாடம் எதோடு பொருந்துகிறது என்று உங்களுக்கு முன்னதாகப் புரியும்.

படிக்கும் முறையைத்தான் மாற்ற வேண்டும். அடிக்கோடிட்டு ஐந்து முறை வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது பலன் தரும். ஒரே நாளில் மூன்று மணி நேரம் படிப்பதைவிட, ஆறு நாள் அரை மணி நேரம் படிப்பது தங்கும். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் செய்த ஆய்வில், ஒரு பழக்கம் படிவதற்குச் சராசரியாக 66 நாட்கள் தேவைப்பட்டன. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. மூன்றாவது வாரத்தில் சலிப்பு வந்தால் குறை உங்களுடையது அல்ல.

சோர்வு, எரிச்சல், மறதி. இது மனக்குறையா, உடற்குறையா?

இரண்டாகவும் இருக்கலாம். முதலில் உடலைப் பரிசோதித்துவிடுங்கள். நோக்கம் இல்லாத வாழ்க்கை என்று புலம்பிக்கொண்டிருந்தவருக்குத் தைராய்டு குறைபாடாக இருப்பது புதிதல்ல. இரும்புச்சத்து, பி12, ரத்தச் சர்க்கரை ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

பெரும்பாலான பெண்களுக்கு 45க்கும் 55க்கும் இடையில் மாதவிடாய் நின்றுபோகிறது. தொடர்ந்து 12 மாதங்கள் வராவிட்டால்தான் நின்றுவிட்டது என்று மருத்துவர்கள் கணக்கெடுப்பார்கள். அதற்கு முந்தைய சில ஆண்டுகளிலேயே திடீர் உடற்சூடு, இரவு வியர்வை, தூக்கக் கேடு, மூட்டுவலி, கவனச் சிதறல் எல்லாம் தலைகாட்டலாம். பொறுத்துக்கொண்டுதான் ஆக வேண்டும் என்பதில்லை, சிகிச்சைகள் இருக்கின்றன. எது பொருந்தும் என்பதை உங்கள் உடல்நிலையைப் பார்த்து மருத்துவர் சொல்வார். முழுவதும் நின்ற பிறகு மறுபடி உதிரம் பட்டால் நாள் கடத்தாதீர்கள். எதிலுமே நாட்டமில்லாத நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலும் அப்படியே. மனச்சோர்வுக்குப் புதிய பொழுதுபோக்கு மருந்தாகாது.

வீட்டில் ஒத்துழைக்க மாட்டார்கள். எப்படிச் சமாளிப்பது?

பெரும்பாலான வீடுகளில் எதிர்ப்பு என்று ஒன்று இருக்காது. "தாராளமாகச் செய்யேன், யார் தடுத்தார்கள்?" என்பார்கள். தடுப்பது யாருமில்லை, வேலைதான் குறைந்தபாடில்லை. அவர்கள் அனுமதி கொடுத்துவிட்டார்கள், நேரத்தைக் கொடுக்கவில்லை. இந்த வேறுபாடு புரியாததால்தான் பல பெண்கள் தங்களுக்கே ஊக்கம் போதவில்லை என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

"எனக்கும் கொஞ்சம் நேரம் வேண்டும்" என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் எதுவும் விளங்காது. "செவ்வாயும் வியாழனும் மாலை ஆறிலிருந்து எட்டுவரை நான் இருக்க மாட்டேன். அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பாட்டியை நீ பார்த்துக்கொள், இரவுச் சமையலை அப்பா பார்த்துக்கொள்வார்" என்று சொன்னால் விளங்கும். கிழமை, மணி, வேலை, ஆள் நான்கும் அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும். கேள்விக்குறி மட்டும் இருக்கக் கூடாது.

பிறகு நடப்பதைச் சொல்கிறேன். முதல் வாரம், கிளம்பும் நேரத்தில் ஒருவர் சட்டையைக் காணவில்லை என்பார். இரண்டாவது வாரம், வகுப்பில் இருக்கும்போது போன் வரும்: சாவி எங்கே, மாத்திரை எந்த டப்பாவில்? திரும்பி வந்தால் மடிக்காத துணி நாற்காலியில் குவிந்து கிடக்கும், மற்றவர்கள் அதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். இங்கேதான் பலர் தோற்கிறார்கள். பையைக் கூடக் கீழே வைக்காமல் துணியை மடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். மடிக்காதீர்கள். குவியல் அங்கேயே கிடக்கட்டும். தேவைப்படுகிறவர் ஒரு நாள் மடிப்பார், மோசமாக மடிப்பார். அதைத் திருத்தவும் செய்யாதீர்கள்.

மேரி சாமர்வில் என்ற ஸ்காட்லாந்துப் பெண் இளமையில் இரவு விழித்துக் கணிதம் படித்தபோது, பெற்றோர் மெழுகுவத்தியை எடுத்துவிடச் செய்தார்கள். முதல் கணவருக்கும் பெண்கள் படிப்பது பிடிக்கவில்லை. அவர் இறந்த பிறகு விட்ட இடத்திலிருந்து படித்தார். இரண்டாம் கணவர் துணை நின்றார். பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸின் வானியல் கணிதத்தை ஆங்கிலத்தில் விளக்கி மேரி எழுதிய நூல் 1831இல் வெளிவந்தது, அவருடைய 50ஆவது வயதில். வீட்டு ஆட்களைப் பொறுத்து எவ்வளவு ஆண்டுகள் வீணாகும் அல்லது மிச்சமாகும் என்பதற்கு இந்த ஒரு வாழ்க்கை போதும்.

அடி, மிரட்டல், உங்கள் வருமானத்தைப் பறித்துக்கொள்ளுதல் ஆகியவை இருக்கும் வீட்டுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே நேரம் கேட்பதற்கு முன்னால் பாதுகாப்பைத் தேட வேண்டும். நம்பகமான ஒருவரிடம், பெண்கள் உதவி மையத்தில், வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

குற்றவுணர்வு வாட்டுகிறதே?

வாட்டும். அது போன பிறகு தொடங்கலாம் என்று காத்திருந்தால் தொடங்கவே மாட்டீர்கள். அதையும் கூட்டிக்கொண்டே வகுப்புக்குப் போங்கள். சில மாதங்களில் தானாகக் குறையும்.

பதினைந்து ஆண்டுகள் வேலையை விட்டிருந்தேன். இனி யார் எடுத்துக்கொள்வார்கள்?

நேர்காணலில் அந்த இடைவெளிக்காக மன்னிப்புக் கேட்கிற தொனியில் பேசினால் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "குடும்பப் பொறுப்புக்காக விலகியிருந்தேன். கடந்த ஓராண்டாக மீண்டும் தயாராகி வருகிறேன், இந்த வேலையைச் செய்து முடித்திருக்கிறேன்." இரண்டே வாக்கியம். இரண்டாவது வாக்கியத்துக்குப் பொருள் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். அண்மையில் முடித்த ஒரு படிப்பு, ஒரு தொண்டு அமைப்புக்குச் செய்துகொடுத்த கணக்குப் பதிவு, தெரிந்தவர் தொழிலுக்குப் பகுதி நேரமாகப் பார்த்த வேலை என்று எதுவும் போதும். புதிதாக எதுவும் இல்லாமல் பழைய சான்றிதழ்களை மட்டும் நீட்டினால், அவர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

விளம்பரங்களைப் பார்த்து விண்ணப்பித்துக்கொண்டே இருப்பதைவிட ஆட்களிடம் சொல்லிவைப்பது மேல். அதுவும் நெருங்கியவர்களிடம் அல்ல. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை காட்டியதுபோல, வேலை பற்றிய தகவல் பெரும்பாலும் அவ்வப்போது பார்க்கும் அறிமுகங்கள் மூலமாகத்தான் வருகிறது. நெருங்கிய தோழிக்குத் தெரிந்ததெல்லாம் உங்களுக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். பழைய அலுவலகத்தில் அடுத்த பிரிவில் இருந்தவர், பிள்ளையின் பள்ளியில் அறிமுகமான பெற்றோர், இவர்களிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். வேலை கேட்க வேண்டாம்; அந்தத் துறையில் இப்போது என்ன நடக்கிறது என்று கேளுங்கள்.

முதலில் கிடைப்பது பழைய பதவியைவிடக் கீழானதாக இருக்கலாம். உங்களைவிடப் பதினைந்து வயது இளையவர் மேலதிகாரியாக இருப்பார். அதில் மனம் கசந்துபோகிறவர்கள் உண்டு. முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் கசப்பு குறையும்.

சொந்தத் தொழில் தொடங்க வயது கடந்துவிட்டதா?

இல்லை. அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த புதிய நிறுவனங்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள், தொடங்கியவர்களின் சராசரி வயது 45 என்று கண்டார்கள். அந்தத் துறையிலேயே முன் அனுபவம் பெற்றிருந்தவர்கள் வெற்றி பெறும் வாய்ப்பு அதிகம் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. இரண்டாவது செய்தியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

பால்குனி நாயர் 2012இல் நைக்கா என்ற அழகுசாதன விற்பனை நிறுவனத்தைத் தொடங்கியபோது 50 வயதை நெருங்கிக்கொண்டிருந்தார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு முன் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் முதலீட்டு வங்கித் துறையில் மற்றவர்களின் நிறுவனங்களை வளர்க்கும் வேலை பார்த்தவர் என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும். நடுவயதில் தொடங்குகிறவர்கள் புதுப்பிறவி எடுப்பதில்லை. தெரிந்த ஒன்றை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். உங்களுக்கு எந்தத் தொழிலின் உள்விவகாரம் தெரியும் என்பதிலிருந்து தொடங்குங்கள். எந்தத் தொழில் இப்போது பேசப்படுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டாம்.

பணம்?

அவசரச் செலவுக்கும் முதுமைக்கும் சேர்த்ததைத் தொடக் கூடாது. முழுவதும் போனாலும் உங்கள் தூக்கம் கெடாத ஒரு தொகையை முன்கூட்டியே வரையறுத்துக்கொண்டு, அது தீர்ந்ததும் நிறுத்தி யோசியுங்கள். உங்கள் பெயரில் தனி வங்கிக் கணக்கு இருக்கட்டும். புரியாத தாளில், யார் நீட்டினாலும், கையெழுத்து வேண்டாம்.

உங்கள் நோக்கத்தைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று கட்டணம் வாங்கும் பயிற்சிகள் பெருகிவிட்டன. அவற்றில் பல கடைசியில் உங்களையும் அதே பயிற்சியை விற்கும் ஆளாக்குவதில் போய் முடிகின்றன. அந்தப் பணத்தில் ஒரு கைத்தொழிலோ மொழியோ கற்றுக்கொள்ளலாம்.

நல்ல பதவியில்தான் இருக்கிறேன். விட்டுவிட வேண்டுமா?

அவசரப்பட்டு விடாதீர்கள். சலித்தது வேலையா, அந்த இடமா, மேலாளரா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். நீண்ட விடுப்பில் போனதும் வேலையை மறந்து நிம்மதியாக இருக்கிறீர்களா, அல்லது இரண்டாவது வாரமே அதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறீர்களா? பின்னது என்றால், வேலை உங்களுக்குப் பிடித்தது, இடம்தான் பிடிக்கவில்லை.

நோக்கம் என்றால் பெரிதாக ஏதாவது சாதிக்க வேண்டுமா?

வேண்டாம். அமெரிக்காவில் 6,000க்கும் மேற்பட்டவர்களை 14 ஆண்டுகள் பின்தொடர்ந்து ஹில், டூரியானோ இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்க்கைக்கு நோக்கம் இருப்பதாக உணர்ந்தவர்கள் அந்தக் காலத்தில் இறந்துபோகும் வாய்ப்பு குறைவாக இருந்தது. நோக்கம்தான் ஆயுளைக் கூட்டியது என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன. அவர்களிடம் கேட்கப்பட்டவை என்ன தெரியுமா? விருதோ பதவியோ அல்ல. வாழ்க்கையில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்துவிட்டதாக அவ்வப்போது தோன்றுகிறதா என்பதுபோன்ற எளிய கேள்விகள்தான். தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பெண் இதற்கு எப்படிப் பதில் சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

உடல் முன்போல ஒத்துழைக்கவில்லை என்றால்?

செய்யும் காரியத்தை மாற்றலாம். கிராண்ட்மா மோசஸ் என்று அறியப்பட்ட அமெரிக்க ஓவியர், மூட்டுவாதத்தால் ஊசி பிடித்துத் தையல் போட முடியாமல் போனதால்தான் முழுமூச்சாகத் தூரிகையை எடுத்தார். அப்போது அவருக்கு எழுபதுக்கு மேல். 101 வயதுவரை வாழ்ந்தார்.

கணவர் இறந்துவிட்டார். எல்லோரும் உடனே ஏதாவது தொடங்கச் சொல்கிறார்கள்.

சொல்பவர்களுக்கு உங்கள் துக்கத்தைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. முதல் ஓராண்டுக்கு வீட்டை விற்பது, பெரிய முதலீடு, இடம்பெயர்வு ஆகியவற்றைக் கூடுமானவரை தள்ளிப்போடுங்கள். வங்கி, காப்பீடு, சொத்து ஆவணங்களை மட்டும் உங்கள் கையால் ஒழுங்குபடுத்துங்கள். வேறு யாரிடமும் மொத்தமாக ஒப்படைத்துவிடாதீர்கள். மணவிலக்குப் பெற்றவர்களுக்கும் இதையே சொல்வேன்.

எனக்கு எதையும் மாற்ற விருப்பமில்லை. இது தவறா?

தவறே இல்லை. இப்போதெல்லாம் நடுவயதுப் பெண் என்றால் மலையேற வேண்டும், தொழில் தொடங்க வேண்டும், மேடையேறி அனுபவம் சொல்ல வேண்டும் என்று புதிதாக ஒரு நெருக்கடி கிளம்பியிருக்கிறது. முப்பது ஆண்டுகள் உழைத்தவருக்குச் சும்மா உட்கார்ந்து பழைய பாட்டுக் கேட்கப் பிடித்திருந்தால் கேட்கட்டும். எவரும் விளக்கம் கேட்க வேண்டியதில்லை. ஆனால், விருப்பமில்லை என்று சொல்லிக்கொண்டே இத்தனை கேள்விகளையும் படித்துவிட்டீர்களே, அதைக் கொஞ்சம் யோசியுங்கள்.